ஊறாத அவல்

பாப்பாமோட்டையில் சுபத்திராவின் குசினி யன்னலில் காலை வேளைகளில் ஒரு கண்ணாடிக் கிளாஸ் இருக்கும். முக்கால்வாசிக்குத் தண்ணீர். அடியில் ஒரு பிடி சிவப்பு அவல். வயல்வெளியைத் தாண்டி வருகிற வெயில் வீட்டுக்குள் நுழையுமுன் அந்தக் கிளாசுக்குள்தான் முதலில் இறங்கும். அவலில் பூசிய பனங்கட்டி மெல்லக் கரைந்து தண்ணீர் பொன்னிறமாகும். தேத்தண்ணிக்குக் கேத்தல் கொதித்து, முற்றம் கூட்டி முடித்து, அரை மணித்தியாலம் போனபின் அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு அவலை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பாள். 'டக்' என்று கேட்க வேண்டும். கேட்டால் அன்றைய வறுவல் சரி. கேட்காவிட்டால் சுளகில் கிடக்கிறது முழுவதும் திரும்பவும் வறுக்கிற தாச்சிக்குப் போகும்.

"இஞ்சேர், இதை றோட்டுப் போடுறவங்களிட்டைக் குடுத்துப் பார். தாருக்கடியிலை போட நல்ல சாமான்," என்பான் கணவன் பரமநாதன். வாடகைக்கு உழவு மெசின் ஓட்டுகிறவன். காலையில் ஒரு பகிடி விடாமல் மெசினில் ஏறமாட்டான்.

"நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ. ஆறுது."

இந்தச் சோதனையை அவளுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சண்டை நெருங்கி ஊரை விட்டு வெளிக்கிட்டு, கிழக்கே கிழக்கே என்று இடம் மாறிக்கொண்டிருந்த காலத்தில், அடுப்பு மூட்டினால் புகை தெரியும் என்று சனம் பயந்த சில நாட்கள் இருந்தன. அப்போது அவர்களிடம் இருந்ததெல்லாம் ஒரு சின்ன மூட்டை அவல். ஒரு களப்பைக் கடக்கையில் தண்ணீர் நெஞ்சளவுக்கு வந்தது. பரமநாதனின் தோளில் மகள் அபிசா, சுபத்திராவின் தலையில் மூட்டை. நடுவில் கால் ஒரு குழிக்குள் இறங்கியது. மகள் நனையவில்லை, மூட்டை நனைந்தது. கரையேறிச் சீலையில் பரப்பினாள். மத்தியானம் அது களியாகிவிட்டது, பின்னேரம் புளித்துவிட்டது. அடுத்த இரண்டு நாட்களையும் பற்றி அந்த வீட்டில் பேச்சில்லை.

பிறகு செட்டிகுளத்து முகாம். பிறகு இரண்டாயிரத்துப் பத்தில், கூரை இல்லாத இதே வீடு. கண்ணிவெடி எடுத்து முடித்த வயலில் முதல் போகம் அறுத்ததும் அவள் சோறு காய்ச்சுவதற்கு முன்னரே அவல் இடித்தாள். தடிப்பாக இடித்தாள். ஒரு முறை வறுத்தாள், பனங்கட்டிப் பாகில் பிரட்டி இன்னொரு முறை வறுத்தாள், போதாதென்று மணலில் போட்டு மூன்றாம் முறையும் வறுத்தாள். தண்ணீருக்குள் விழுந்தாலும் அவலாகவே இருக்கிற அவல். அதைச் செய்து முடித்த அன்றைக்குத்தான் நிம்மதியாக நித்திரை கொண்டாள்.

மாதர் சங்கத்தில் அதைத் தின்று பார்த்தவர்கள், பக்கற்றில் போட்டு விற்கலாமே என்றார்கள். லேபல் அடித்தாள். 'காலை அவல், பாப்பாமோட்டை' என்று மேலே பெரிய எழுத்து. எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்று போடுகிற இடத்தில் யோசிக்காமல் 'பழுதாகாது' என்று போடச் சொன்னாள். அச்சடித்தவன் நிமிர்ந்து பார்த்தான், ஆனால் அடித்துக் கொடுத்தான்.

அந்தப் பக்கற்றுகளுக்கு இடம் கொடுத்தது ஒரே ஒரு கடைதான். மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, 'உள்ளூர் உற்பத்திகள்' என்று பலகை போட்ட உம்மு ஸல்மாவின் கடை. ஸல்மா குமர்ப்பிள்ளையாக இருந்தபோது மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு மன்னாரை விட்டு வெளியேற்றப்பட்டு, இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவள். சுபத்திரா அவளை 'ராத்தா' என்று கூப்பிடுவாள். ஸல்மாவின் வீட்டில் அக்காவுக்கு அதுதான் சொல். பாய், பனங்கட்டி, முருங்கையிலை மா, உப்பு, கருவாடு எல்லாம் அங்கே உண்டு. அவல் பக்கற்றுகள் கருவாட்டுக்குப் பின்னால், பின் தட்டில் இருந்தன. மாதம் மூன்று நான்கு போகும். அந்தத் தட்டில் தன் ஊரின் பேர் நிற்கிறது என்பதை நினைத்தால் சுபத்திராவுக்கு உள்ளுக்குள் இனிக்கும். எத்தனையோ வருடம் பஸ்சும் போகாத, ஒருவரும் வாயாலும் சொல்லாத பேர் அது.

இரண்டாயிரத்துப் பதினைந்து ஆவணியில், மடுத் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கையில், ஸல்மா போன் எடுத்தாள்.

"புள்ள, நாளைக்கு ஒருக்காக் கடைப்பக்கம் வாங்க. உங்கட அவல் ஒரு மனுசன்ட பல்ல உடைச்சுப் போட்டு."

"ஐயோ ராத்தா!"

"கனடாக்காரர். நாளைக்கு வாறன் எண்டு சொல்லிட்டுப் போயிருக்கார். வாங்க, பேசிக்குவம்."

மறுநாள், யாழ்ப்பாணத்திலிருந்து ஊர் வழியாக மன்னாருக்குப் போகிற பஸ்ஸில் ஏறி யன்னலோரமாக இருந்தாள். முதல் நாள் இரவு கண்மூடவில்லை. பொலிசோ, சுகாதாரப் பரிசோதகரோ, பல்லுக்கு என்ன கேட்பார்களோ. தள்ளாடி என்கிற சந்தியில் திரும்பி, இரண்டு பக்கமும் கடல் விரிகிற பாலத்துறோட்டுக்கு பஸ் ஏறியதும் சோளகக் காற்று முகத்தில் அடித்தது. அந்தக் காற்றுக்கு அவள் கண் எப்போதும் மூடிக்கொள்ளும். மூடினால் எப்போதும் ஒரே கனவுதான். தண்ணீருக்குள் நடக்கிறாள். இளஞ்சூடான தண்ணீர். முன்னுக்கும் பின்னுக்கும் ஒருவருமில்லை. தலையில் மூட்டை. மூட்டையில் எங்கோ ஒரு ஓட்டை, அதிலிருந்து அவல் ஒவ்வொன்றாக விழுகிறது. விழுந்த அவல் தாழவில்லை, ஊறவில்லை. சின்னச் சின்ன வள்ளங்களாக அவளுக்குப் பின்னால் வரிசையாக மிதந்து வருகிறது. தீவு வந்ததும் கனவும் முடிந்தது. கொண்டக்டர் அவள் தோளுக்கு மேலால் "மன்னார், மன்னார்" என்று கத்திக்கொண்டிருந்தான்.

கடை வாசலில் ஒரு கழுதை நின்று எதையோ கடகடவென்று மென்றது. கிட்டப் போனபோதுதான் தெரிந்தது, அவளுடைய அவல்.

"நேத்துப் பிரிச்சுத் தின்னேலாமக் கொண்டு வந்து தந்த பக்கற்," என்றாள் ஸல்மா. "இது ஒண்டுதான் ரசிச்சுத் தின்னுது."

உள்ளே கதிரையில் இருந்தவர் எழும்பினார். நாற்பது வயது மதிக்கலாம். வலது கன்னம் கொஞ்சம் வீங்கியிருந்தது. கஜேந்திரன் என்று பேர் சொன்னார். தலைமன்னாரில் பிறந்து, சின்ன வயதிலேயே கனடாவுக்குப் போனவர். மனைவி பிள்ளைகளோடு மாமா வீட்டில் வந்து நிற்கிறார்.

"தம்பி, உங்கடை பல்லு..."

"பல்லு பழசு அக்கா. ரொறொன்ரோவிலை கட்டினது. உங்கடை அவல் புதுசு. புதுசுதான் வெண்டது."

அவருக்குக் கோபம் இல்லை என்று கண்டதும் சுபத்திரா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். மற்றக் கதிரையில் இருந்தாள்.

"நான் ஒரு கிழமையாத் தேடுறன் அக்கா. பிள்ளையள் காலமையிலை சீரியல் மாதிரி ஏதும் பாலிலை போட்டுத்தான் தின்னுங்கள். எந்தக் கடைக்குப் போனாலும் வெளிநாட்டுப் பெட்டியள். இது இஞ்சை செய்ததோ எண்டு கேட்டால் என்னை ஒரு மாதிரிப் பாக்கினம். வயல் இஞ்சை, நெல்லு இஞ்சை, காலமைச் சாப்பாடு மட்டும் கப்பலிலையோ வாறது? கடைசியிலை இஞ்சை, கருவாட்டுக்குப் பின்னாலை உங்கடை பக்கற். சந்தோசத்திலை நாலு வாங்கிக்கொண்டு போனன்."

"இவர் பல்லுக் குத்துற குச்சியையும் எங்க செஞ்சதெண்டு கேட்டவர் புள்ள," என்றாள் ஸல்மா.

"பிறகு என்ன நடந்தது தம்பி?"

"என்ன, பாலை ஊத்தினம். பாத்துக்கொண்டு இருந்தம். பத்து நிமிசம் போனாப்பிறகு மூத்தவள் கேட்டாள், அப்பா, இது எப்ப சாப்பாடா மாறும் எண்டு. நான்தான் வீரம் காட்டிக் கடிச்சனான்."

சுபத்திரா நிமிர்ந்தாள். தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லத்தானே வேண்டும். "அரை மணித்தியாலம் தண்ணிக்கை கிடந்தாலும் ஊறாது தம்பி. ஒவ்வொரு வறுவலையும் கிளாசிலை போட்டுக் கடிச்சுப் பாத்துத்தான் விடுறனான். ஊறினது ஒண்டும் கடைக்கு வராது."

வெளியே கழுதை இன்னும் மென்றுகொண்டிருந்தது.

"புள்ள," என்றாள் ஸல்மா மெதுவாக, "ஊறாம இருக்கவா பால் ஊத்துறது?"

ஸல்மா வீட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த வெளிநாட்டுச் சீரியல் பெட்டி ஒன்றைப் பிரித்துச் சோளத் தகடுகளைக் கோப்பையில் கொட்டினாள். குளிர்பெட்டியிலிருந்து பால் எடுத்து ஊற்றினாள். சுபத்திரா குனிந்து காதைக் கொடுத்தாள். உள்ளே மெல்லிய படபடப்புக் கேட்டது, கிடுகுக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி. நல்ல சத்தம். கேட்டுக்கொண்டே இருக்கலாம். சுவர் மணிக்கூட்டில் ஐந்து நிமிடம் போனது. சத்தம் நின்றது. தகடுகள் துவண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சீலையில் பரப்பிய அந்த மத்தியானம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து போனது.

"செத்துப்போச்சு," என்றாள்.

"அதுக்குமுதல் திண்டு முடிச்சிடுவம் அக்கா," என்றார் கஜேந்திரன். "அஞ்சு நிமிசம் போதுமே."

அவர் வெள்ளிக்கிழமை பயணம். வியாழக்கிழமை திரும்பவும் வருவதாகவும், பிள்ளைகள் கடிக்கக்கூடிய மாதிரி இருந்தால் கொண்டுபோக இருபது பக்கற் வேண்டும் என்றும் சொல்லிவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனார்.

ஸல்மா கோப்பையைக் கழுவிக்கொண்டே கதைத்தாள். "மடுவுக்குப் போற சனம் இந்த வழியால வரும். அதான் முன் தட்ட உங்களுக்குத் தருவம் எண்டு நினைச்சிருந்தன். ஆனா பல்லுடைக்கிற சாமானை முன்னுக்கும் வைக்கேலாது, பின்னுக்கும் வைக்கேலாது. வியாழனுக்குள்ள வேற மாதிரிக் கொண்டு வாங்க. இல்லாட்டி மிச்சப் பக்கற்றையும் எடுத்துக்கொண்டு போங்க புள்ள. கோவிக்காதீங்க. லேபலையும் மாத்துங்க. பழுதாகாது எண்டு போட்டா நான் ஆருக்கெண்டு பதில் சொல்ற?"

திரும்பி வரும் பஸ்ஸில் கனவு வரவில்லை. ஐந்து நிமிடம் என்பதையே யோசித்துக்கொண்டு வந்தாள். கோப்பைக்கு முன்னால் ஐந்து நிமிடம் ஒருவன் ஆறுதலாக இருக்கிறான். எழும்ப வேண்டி வராது என்று அவனுக்குத் தெரிகிறது. அப்படிப்பட்ட காலைகள் உலகத்தில் எங்கெல்லாம் இருக்கின்றன? ரொறொன்ரோவில் இருக்கும். பாப்பாமோட்டையில்?

திங்கட்கிழமை மெல்லிதாக இடித்தாள். உரலில் அவல் பூவிதழ் போல விரிந்தது. ஒரு முறை வறுத்துப் பாகை மேலால் தெளித்தாள். வாயில் போட்டால் நொறுங்கியது, ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் யன்னல் கிளாசில் போட்டதும், கேத்தல் கொதிக்குமுன் அது கலைந்து சேறாக அடியில் படிந்தது. அவள் கிளாசையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்ன செய்தாள் என்று அவளுக்கே வடிவாகத் தெரியாது. பார்க்கும்போது சுளகு காலியாக இருந்தது, எல்லாம் தாச்சிக்குள் இரண்டாம் வறுவலில் கிடந்தது. மணலிலும் ஒரு முறை போட்டெடுத்தாள்.

பரமநாதன் ஒன்றை வாயில் போட்டான். "முன்னேற்றம் இருக்கு. அது பெரிய கல்லு, இது சின்னக் கல்லு."

செவ்வாய்க்கிழமையும் அதேதான். இறக்குவோம், இதோடு இறக்குவோம் என்று மனம் சொல்லும். கை தாச்சியை விட்டு வராது.

புதன்கிழமை காலையில் புது லேபலுக்குப் பதிவு இலக்கம் தேவைப்பட்டது. சங்கத்துக் கடதாசி வாசற்கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிய பைக்குள் இருந்தது. அந்தப் பை எப்போதும் அங்கேதான். காணி உறுதிப் பத்திரம், அடையாள அட்டைப் பிரதிகள், யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டில் நின்று படிக்கிற அபிசாவின் பிறப்புச் சான்றிதழ், ஒரு ரோச் லைற், ஒரு துவாய். எழும்பி ஓட வேண்டி வந்தால் அந்த ஒன்றை மட்டும் எடுத்தால் போதும். கடதாசியைத் தேடிக் கையை விட்டவளுக்கு அடியில் கரடுமுரடாக ஏதோ தட்டுப்பட்டது. பொலித்தீனில் இறுக்கிக் கட்டிய அவல். முதல் போகத்து நெல்லில் இடித்தது.

வாசற்படியில் இருந்து முடிச்சை அவிழ்த்தாள். பழைய அலுமாரியைத் திறந்த மணம். ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

டக்.

ஐந்து வருடம். ஐந்து மாரி, ஐந்து கோடை. காற்றும் வெயிலும் இந்த வாசலால் வந்து போயிருக்கின்றன. அபிசா இந்தப் பைக்குக் கீழே நின்று உயரம் அளந்து, இப்போது பையை விட உயர்ந்துவிட்டாள். இந்த அவலைத் தேடி ஒருவரும் வரவில்லை. ஓர் இரவுகூட இது தேவைப்படவில்லை. வயலில் அரிவெட்டு முடிந்த வைக்கோல் வெயிலில் மினுங்கியது. தூரத்தில் யாரோ மாடு கூப்பிடும் குரல் வருவதும் போவதுமாக இருந்தது. அவள் எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ தெரியாது.

"என்னடியப்பா, மெசின் சாவியைக் கண்டனியே?" என்று வந்த பரமநாதன் அவிழ்ந்த பையைப் பார்த்தான். பகிடி விடவில்லை. பக்கத்தில் குந்தினான். அவள் கையிலிருந்து இரண்டை எடுத்துக் கடைவாயில் போட்டான். இருவரும் கொஞ்ச நேரம் கழுதை மாதிரி மென்றார்கள்.

"நல்லாத்தான் செய்திருக்கிறாய்," என்றான். "இன்னும் பத்து வருசம் கிடக்கும்."

"அதுதான் பயமாக் கிடக்கு," என்றாள் சுபத்திரா. எழும்பிக் குசினிக்குப் போனாள். "இஞ்சேருங்கோ, மெசின் நிக்கட்டும். ஒரு உதவி செய்யுங்கோ."

மெல்லிதாக இடித்து வைத்திருந்ததைத் தாச்சியில் கொட்டினாள். அகப்பை ஓடியது. அவல் பொரிந்து நிறம் மாறி, தேங்காய்ப்பூ வறுத்தது போல மணம் எழும்பியது. பாகைத் தெளித்துப் பிரட்டினாள். இதுதான் இறக்குகிற நேரம். அவளுக்குத் தெரிந்தது, கைக்குத்தான் தெரியவில்லை.

"அடுப்பை அணையுங்கோ."

"ஏன், நீ இறக்கன்."

"நான் இறக்கமாட்டன். எனக்குத் தெரியும். கெதியா அணையுங்கோ!"

பரமநாதன் சுற்றுமுற்றும் பார்த்தான். தண்ணீர்க் குடம் வெளியே இருந்தது. கைக்கெட்டினது யன்னலில் இருந்த அந்தக் கிளாஸ்தான். எடுத்து ஊற்றினான். நெருப்பு சீறிப் புகைந்து அடங்கியது. அணைந்த விறகுக் கட்டையில் நேற்றைய அவல் நாலைந்து ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அன்று சோதனை இல்லை. ஆறியதும் பக்கற்றில் போட்டுக் கட்டினாள். லேபலில் 'பழுதாகாது' இருந்த இடத்தில் 'ஒரு மாதத்துக்குள் சாப்பிடவும்' என்று அடித்துக் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை கஜேந்திரன் மூத்த மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பத்து வயதிருக்கும். கதிரையில் இருந்து காலை ஆட்டிக்கொண்டு கோப்பையைச் சந்தேகமாகப் பார்த்தது. ஸல்மா பாலை ஊற்றினாள்.

சத்தம் கேட்டது. சுபத்திரா பிள்ளையின் முகத்தையும் பார்க்கவில்லை, தகப்பனின் முகத்தையும் பார்க்கவில்லை. மணிக்கூட்டையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு நிமிடம். இரண்டு. கரண்டி போய் வந்தது, நொறுக்நொறுக்கென்றது. மூன்றாவது நிமிடத்தில் ஓரத்தில் சில அவல் துவளத் தொடங்கியதைக் கண்டாள். சீலைத் தலைப்பைக் கையில் முறுக்கினாள். ஓடிப்போய்க் கோப்பையைப் பறித்துத் தாச்சியில் கொட்டலாம் போல இருந்தது. நாலாவது நிமிடம் பிள்ளை கோப்பையை இரண்டு கையாலும் தூக்கிச் சரித்து, பனங்கட்டி கரைந்து மண்ணிறமான பாலைக் குடித்தது. கோப்பையைக் கீழே வைத்தது. வெறுங்கோப்பை.

"இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று தகப்பனைக் கேட்டது.

கஜேந்திரன் சிரித்த சிரிப்பில் கன்னம் வலித்திருக்க வேண்டும், உடனே கையை வைத்தார். "இருபது காணாது போலை அக்கா."

ஸல்மா முன் தட்டிலிருந்த கருவாட்டுப் பெட்டியைத் தூக்கிப் பின்னுக்குக் கொண்டுபோனாள். ஈரத்துணியால் தட்டைத் துடைத்து, இரண்டு தரம் மணந்து பார்த்து, மூன்றாம் தரமும் துடைத்தாள். பிறகுதான், "அடுக்குங்க புள்ள. பேர் வெளிய தெரியிற மாதிரி அடுக்குங்க," என்றாள்.

மிஞ்சிய ஒரு பக்கற்றோடு சுபத்திரா பின்னேரம் வீடு வந்தாள். கடதாசிகளைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். உறுதி, பிரதிகள், சான்றிதழ், ரோச், துவாய். பழைய அவலுக்குப் பதிலாக எல்லாவற்றுக்கும் மேலே புதுப் பக்கற்றை வைத்து, பையை ஆணியில் மாட்டினாள்.

முற்றத்தில் மெசினைக் கழுவிக்கொண்டு நின்ற பரமநாதன் பார்த்துவிட்டான். "அது ஒரு மாசத்திலை பழுதாப்போகுமெல்லே?"

"அதுக்குமுதல் நாங்கள் எடுத்துத் தின்னுவம்," என்றாள் சுபத்திரா. "திண்டுபோட்டு வேறை வைப்பன். நாளைக்கு வரேக்கை பால் ஒரு போத்தில் வாங்கிக்கொண்டு வாங்கோ."